ஒரு பொய்யும் இல்லாத கடிதம்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அதைத் தாங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படக் கூடாது.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் வாசலில் உடைந்து கிடக்கும் மதகைத் திருத்தித் தரும்படி உரிய அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை கவனத்திற் கொள்ளப்பட்டு, மேலதிக நடவடிக்கைக்காக உரிய தரப்பினருக்கு ஆற்றுப்படுத்தப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றேன்.' வாசித்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, மதகு வருகிறது என்றேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலிக்கு மேலால் சொன்னேன். வேலை நடக்கும்போது மேற்பார்வை பார்க்கவென்று வேம்பின் கீழ் ஒரு கதிரையும் போட்டுவைத்தேன்.

நான்கு மாதம் அந்தக் கதிரையில் இருந்தேன். ஐந்தாவது மாதம் மனைவி அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தார். அவர் வட்டக்கச்சி வயல்காரரின் மகள். முளைக்காததை முளைக்கும் என்று சொல்லி வளர்ந்தவர் அல்ல.

"இதென்னப்பா, நீங்கள் எழுதின மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். எழுதின மாதிரி அல்ல, நான் எழுதியதேதான். 'ஆற்றுப்படுத்தப்பட்டுள்ளது' என்ற சொல்லை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தவன் நான். 'மகிழ்ச்சியுடன்' என்பதும் என் கைவேலை. என் வசனம் அலுவலகம் அலுவலகமாக இரவல் போய், பல வருடம் ஊர் சுற்றி, கடைசியில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நானும் நம்பியிருக்கிறேன். கசிப்புக் காய்ச்சுகிறவன் தன் போத்தலையே காசு கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டு வேலியோரம் விழுந்து கிடந்த கதைதான்.

இதை யாருக்கும் சொல்லாமல் செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இந்த முறை வாணி விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். இப்போது அங்கே வாசற்சுவரில் தகவல் அறியும் உரிமை பற்றிய பலகை தொங்குகிறதாம். முன்பு சனம் வந்து பதிலைக் கேட்டது. இப்போது கோப்புகளையே கேட்கிறது. பிள்ளைகளுக்குப் பயம். அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். சமாளித்த விதத்தை எழுதுகிறேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. வன்னியில் ஒரு பிரதேச செயலகம். இது பொய் அல்ல, கொஞ்சம் குறைந்த உண்மை. அந்த வித்தியாசத்தை விற்றுத்தான் நான் முப்பத்தொரு வருடம் சம்பளம் எடுத்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு கிழமை வகுப்பு. கோப்புக்கு இலக்கம் போடவும், துளை போட்டு நூல் கோர்க்கவும், மேலதிகாரி வரும்போது எழுந்து நிற்கவும் பழக்கினார்கள். மூன்றாவதில் மட்டும் நான் நன்றாகத் தேறினேன். பிறகு வந்த யுத்த வருடங்களில் அலுவலகம் ஐந்து இடத்துக்கு இடம்பெயர்ந்தது. ஒரு தடவை உழவு இயந்திரப் பெட்டியில் கோப்புகளின் மேல் நானும், என் மடியில் தட்டச்சு இயந்திரமுமாகப் போனோம். வழியில் பெட்டி சரிந்தது. தட்டச்சு இயந்திரத்துக்குச் சேதம் எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினேன். என் விலா எலும்பைப் பற்றி யாரும் அறிக்கை கேட்கவில்லை.

என் உண்மையான படிப்பு, யுத்தமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, நல்லையா சேரின் கீழ் தொடங்கியது.

நல்லையா சேர் எங்கள் நிருவாக உத்தியோகத்தர். மெலிந்த மனிதர். வெள்ளைச் சேர்ட்டுப் பையில் ஒரு சிவப்புப் பென்சிலும் திருநீற்றுப் பொட்டலமும் இருக்கும். வெள்ளிக்கிழமை விரதம். மற்ற நாட்களில் பத்தரைக்கு ஒரு பிளேன் ரீயும் இரண்டு பிஸ்கட்டும். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, அது உடைந்து விழுவதற்கு ஒரு கணம் முன்னால் வாய்க்குக் கொண்டுபோவார். நான் பார்த்த வருடங்களில் ஒரே ஒரு தடவைதான் தவறியது. எதையும் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு கணக்கு.

அவர் பொய் சொல்ல மாட்டார். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. தனக்காகவும் சொல்ல மாட்டார், பிறருக்காகவும் சொல்ல மாட்டார். ஒரு தடவை எங்கள் அலுவலகப் பணியாளர் ராசன், நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன், பெரியம்மா மோசம் போய்விட்டா, செத்த வீடு என்று எழுதி லீவு கேட்டான். சேர் அலுமாரியைத் திறந்து ஒரு பழைய லீவுக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அவா தையில மோசம் போனவா" என்றார்.

ராசன் நிலத்தைப் பார்த்தான். சேர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"சுகமில்லை எண்டு எழுது. ஆருக்கு எண்டு எழுதாத."

ராசன் அப்படியே எழுதினான். சேர் ஒப்பமிட்டார். அன்றைக்கு வன்னியில் யாரோ ஒருவருக்காவது சுகமில்லாமல்தான் இருந்திருக்கும். ஆகவே அது உண்மை.

கடிதம் எழுதும் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். மனு வந்தால் திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் இலக்கம் போட்டு, கோப்பில் கோர்த்து என் மேசைக்கு வரும். நான் பென்சிலால் வரைபு எழுதுவேன். ஒரு வரி எழுதி ஒரு வரி விட வேண்டும். விட்ட வரி சேரின் பென்சிலுக்கு. வரைபோடு போய் அவர் மேசைக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் நின்றால் யன்னல் வெளிச்சம் மறையும். அவர் ஒவ்வொரு வசனத்தின் கீழும் பென்சில் முனையை வைத்து, இது உண்மையோ என்று கேட்பார். ஓம் சேர் என்பேன். நாளைக்கு யாராவது இதைக் கொண்டுவந்து காட்டி, எங்கே என்று கேட்பார்களோ என்பார். யோசித்துப் பார்த்து, கேட்பார்கள் என்பேன்.

"அப்ப இது கூடின உண்மை. குறை."

குறைப்பேன். முதலில் திகதி போகும். திகதி கடிநாய், வளர்த்தவனையே கடிக்கும் என்பது அவருடைய கொள்கை. பிறகு எண்ணிக்கை போகும். பிறகு பொறுப்பான ஆளின் பெயர் போகும். இப்படி மூன்று தடவை போய் வந்தால் கடிதம் வழுவழுவென்று ஆற்றங்கல் மாதிரி ஆகிவிடும். எங்கே பிடித்தாலும் வழுக்கும். பொய் மட்டும் இராது.

தேறின வசனங்களை நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் கோப்பு அலுமாரிக்குள் இருக்கிறது. 'தீவிர பரிசீலனையில் உள்ளது' என்றால் அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடுகிறோம். 'சாதகமாக அணுகப்படும்' என்றால் மனுக்காரர் நேரில் வந்தால் கதிரை தருவோம். வேறு அலுவலகங்களில் இருந்தும் கொப்பியை இரவல் கேட்டு வருவார்கள். திருப்பித் தரும்போது தங்களுடைய வசனம் ஒன்றிரண்டையும் பின்பக்கத்தில் எழுதித் தருவார்கள், சட்டிக்குள் கறி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற அயலவர் மாதிரி. எனக்கு அதில் பெரிய கர்வம். என் கல்யாணப் பட அல்பத்தை ஒருவரும் இரவல் கேட்டதில்லை.

சேரின் நேர்மை எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் கடற்கரைப் பக்க ஊர் ஒன்றின் பாதை விடயத்தில் பார்த்தேன். கத்தோலிக்கச் சனம், கடலை நம்பின சீவியம். மாரி தொடங்கினால் மீன் லொறி உள்ளே வராது. பிடித்த மீனைச் சைக்கிளில் வைத்து, இரண்டு கட்டை தூரம் சேற்றில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாதை கேட்டுக் கேட்டு அவர்களுடைய கோப்பு இரண்டாம் பாகம் தொடங்கியிருந்தது. அந்த ஊரில் ஒரு பொதுக்கூட்டம். கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பேச வருகிறார். பாதை வேலை ஆரம்பித்துவிட்டது என்று பேச்சில் சொல்லலாமா, எழுத்தில் உறுதிப்படுத்துங்கள் என்று அவருடைய செயலாளர் தொலைபேசி எடுத்தார்.

நல்லையா சேர் மறுத்துவிட்டார். தொடங்காத வேலையைத் தொடங்கியதாக எழுதித் தர மாட்டேன் என்று அவர் தொலைபேசியில் சொன்னதை அலுவலகம் முழுவதும் கேட்டது. நாங்கள் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று கூடச் சொல்லலாம். அவர் றிசீவரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஜீப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆட்களையும் நாற்பது மரமுளைகளையும் ஏற்றிக்கொண்டு போய், பாதையோரம் அடித்துவிட்டு வரச் சொன்னார்.

"அடிச்சாப் பிறகு எழுதுவம்" என்றார்.

அடித்தோம். முளைகளின் தலைக்குச் சிவப்பு மையும் பூசினோம், அது என் யோசனை. மறுநாள் உறுப்பினர் மேடையில் பாதை வேலை ஆரம்பமாகிவிட்டது என்றார். கைதட்டல். அது சுத்தமான உண்மை. நாற்பது சாட்சி நிலத்தில் நின்றது.

இரண்டு மாரி கழித்து அந்த ஊரின் சம்மாட்டி அந்தோனிப்பிள்ளையர் அலுவலகத்துக்கு வந்தார். நான்கு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், கோயில் சபையிலும் பெரிய ஆள். வந்தவர் பையில் இருந்து ஒரு முளையை எடுத்து என் மேசையில் வைத்தார். சிவப்புத் தலை இன்னும் மங்கவில்லை.

"தம்பி, நல்ல பாலை மரம். ஆடு கட்ட அருமை. ரோட்டையும் இதிலதான் கட்டி வைச்சிருந்தனீங்களோ? அறுத்துக்கொண்டு ஓடிட்டுது போல."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ராசன் தேத்தண்ணி கொண்டுவந்தான். கூட்டம் நடந்த அன்றே அவர் நம்பவில்லையாம். முன்வரிசையில் இருந்து கைதட்டினதும் அவர்தானாம், கைதட்டாவிட்டால் பேச்சு முடியாது என்று. நம்பாத மனிதருக்கு எங்கள் உண்மை ஒரு சேதமும் செய்யவில்லை. ஆகவே நானும் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன். நம்புகிற ஆள் ஒருவர் வரும்வரைக்கும்.

அந்த ஆள் காமாட்சி அக்கா.

அவருடைய குடும்பம் ஒரு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வந்து, வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறியது. தகப்பன் வெட்டின அரை ஏக்கரில் அவர் இருந்தார். கணவர் யுத்தத்தின் கடைசியில் இல்லாமல் போனவர். தேவி என்று ஒரு மகள், மருமகன் வெளியூரில் கூலி வேலை. அக்கா காணியில் கச்சான் கடலை போடுவார், அயல் வயல்களில் களை பிடுங்கப் போவார். ஊர் திரும்பியபோது கொடுத்த தகரத்தால் ஒரு கொட்டில் போட்டிருந்தார். வீட்டுத்திட்டம் வந்தபோது தனக்கும் ஒரு வீடு கேட்டு மனுக் கொடுத்தார்.

அவருக்கு வீடு கிடைக்காது. வீட்டுக்குக் காணி அனுமதிப்பத்திரம் வேண்டும். வரைபடத்தில் அந்தக் காணி கனடாவில் இருக்கிற ஒருவரின் பெயரில் இருந்தது. தகப்பன் வெட்டினது காடு என்று அவர்கள் நினைத்தார்கள், கடதாசி அதைத் தோட்டம் என்று நினைத்தது. இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணி கொண்டுவருகிற ராசனுக்கும் தெரியும். காமாட்சி அக்காவுக்கு மட்டும் தெரியாது. சொல்ல வேண்டியது என் வேலை.

மூன்று தடவை வந்தார். கதிரை கொடுத்தாலும் இருக்க மாட்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "சார், வீடு உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்பார். இதைவிடச் சுலபமான கேள்வி என் உத்தியோகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் காணி. காணி என்றால் தகப்பன். அழுவார். அழுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பசிக்காது. பன்னிரண்டரைக்கு எனக்குப் பசிக்க வேண்டும். ஆகவே மூன்று தடவையும், பதில் எழுத்தில் வரும் அக்கா என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வருடம் ஆவணியில் அவர்களுடைய கிராமத்துப் பாடசாலையில் நடமாடும் சேவை வைத்தோம். அலுவலகமே மேசை கதிரையோடு கிராமத்துக்குப் போய் ஒரு நாள் இருக்கும். வழக்கம்போல ஒரு மேடை, ஒலிபெருக்கி, கௌரவ உறுப்பினர். பதில் கிடைக்காத மனுக்காரருக்கெல்லாம் அன்றே கையில் கடிதம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. காமாட்சி அக்காவுக்கு நான் எழுதினது இது:

'தங்கள் பெயர் வீட்டுத்திட்டத்துக்கான எமது பட்டியலில் இடம்பெற்றுள்ளது. காணி தொடர்பான ஆவணங்கள் கிடைத்தவுடன் முன்னுரிமை அடிப்படையில் வீடமைப்புக்கான நடவடிக்கை எடுக்கப்படும்.'

பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதில் இரண்டு பகுதி. இரண்டாம் பகுதிக்குத் தலைப்பு 'ஆவணம் இல்லாதோர்'. அக்காவின் பெயர் அதில் இருந்தது. தலைப்பை மட்டும் நான் கடிதத்தில் எழுதவில்லை. வரைபைக் கொண்டுபோய் இடப்பக்கம் நின்றேன். சேர் பென்சில் முனையை 'கிடைத்தவுடன்' என்பதன் கீழ் வைத்தார்.

"இது உண்மையோ?"

"ஓம் சேர். ஆவணம் கிடைச்சா உடன செய்வம்தானே."

"கிடைக்குமோ?"

"கிடைக்காது சேர்."

"அப்பப் பிரச்சினையில்லை" என்று ஒப்பமிட்டார்.

மேடையில் கடிதங்களை வாசித்தவன் நான்தான். எனக்கு நல்ல குரல் என்று ஒரு கதை இருந்தது, அதைப் பரப்பினதும் நான்தான். காமாட்சி அக்காவின் கடிதத்தை ஒலிபெருக்கியில் வாசித்தேன். 'முன்னுரிமை' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். சனம் கைதட்டியது. கௌரவ உறுப்பினர் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், ஒலிவாங்கியோடு, பல் தெரிய.

இங்கே இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுத்திட்டத்தில் வீட்டைக் கட்டுவது வீட்டுக்காரர். முதல் தடவை உத்தியோகத்தர் பார்க்க வரும்போது நிலம் துப்புரவாக்கி, அத்திவாரத்துக்கு வெட்டியிருக்க வேண்டும். வெட்டாதவரை அக்கறையில்லாதவர் என்று பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். வெள்ளம் நிற்காத மேட்டு நிலம் ஒவ்வொரு காணியிலும் ஒரு துண்டுதான் இருக்கும். தகரக் கொட்டில் நிற்பதும் அதில்தான். ஆகவே கடிதம் கிடைத்தவர் முதலில் செய்வது கொட்டிலைக் கழற்றுவது. தகரம் கழற்றுகிற சத்தத்தை வைத்தே, எந்தக் கிராமத்துக்குக் கடிதம் போய்விட்டது என்று நாங்கள் அலுவலகத்தில் இருந்து சொல்லுவோம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'முன்னுரிமை' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

ஐப்பசிக் கடைசியில் காமாட்சி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். முதல் மழை பெய்து இரண்டு நாள். முழங்கால் வரை சேறு. கொட்டிலைக் கழற்றி இரண்டு மாதமாகிறது. தாயும் மகளுமாக அத்திவாரம் வெட்டினார்களாம், அது இப்போது குளமாகிக் கிடக்கிறது. ஒரு படங்கைக் கட்டி அதன் கீழ் இருக்கிறார்கள். தேவிக்கு எட்டாம் மாதம். பிள்ளை கார்த்திகையில் பிறக்கும், மாரி நடுவில். ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைக் கொண்டுவர ஒரு கூரை வேண்டும். பார்க்க ஒருவரும் வரவில்லையே சார் என்றார். கோபம் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்த வந்திருந்தார்.

அப்போதுதான் ராசன் தேத்தண்ணித் தட்டோடு வந்தவன், கடிதத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, அக்கா, உங்களுக்குக் காணிப் பத்திரம் இல்லையே, வீடு வராதே என்று சொல்லிவிட்டான். அலுவலகத்தில் அந்த வசனத்தைச் சொன்ன முதல் ஆள் அவன்தான். ஓர் உத்தியோகபூர்வமான ஆள் அல்ல என்பதால் அவனுக்கு அது இயலுமாக இருந்தது.

அக்கா உறையில் இருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"நான் படிக்காதவ சார். வீடு வராதுன்னு இதுல எந்த எடத்துல போட்டிருக்கு? கொஞ்சம் காட்டுங்க."

விரலை வைத்துத் தேடினேன். நான் எழுதின கடிதத்தில், நான் எழுதாமல் விட்டதைத் தேடினேன். முதல் வரியில் இல்லை, இரண்டாம் வரியில் இல்லை. அடியில் இருந்த ஒப்பம் வரைக்கும் விரல் போனது. அவரும் என் விரலோடு கூடவே கண்ணைக் கொண்டுவந்தார். பொய் ஒன்று இருந்திருந்தால் அதையாவது காட்டி மன்னிப்புக் கேட்டிருப்பேன். அப்படி ஒரு வசதியை நான் எனக்கு வைத்திருக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன். பத்தரை. பிஸ்கட் தேநீருக்குள் இருந்தது. பதற்றத்தில் வலப்பக்கம் போய் நின்றுவிட்டேன், அவர் அதைக் கவனிக்கவில்லை. இதில் பொய் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகென்ன என்றார்.

"அவா கொட்டிலைக் கழட்டிப்போட்டா சேர். மகளுக்கு எட்டு மாசம்."

நாங்கள் கழற்றச் சொல்லவில்லையே என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் சொல்லிமுடிக்கும்போது குரல் பாதியாகிவிட்டது. கையில் இருந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சரியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வா என்றார்.

அன்று மத்தியானம் முழுவதும் அந்தக் கடிதத்தோடு இருந்தேன். கொப்பியில் அதற்கு உதவுகிற வசனம் ஒன்றுமில்லை. நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் ஒரு வரி எழுதினேன். 'காணி வேறொருவர் பெயரில் உள்ளதால் இந்தத் திட்டத்தில் உங்களுக்கு வீடு கிடைக்காது.' சேர் பழக்கத்தில் பென்சிலை எடுத்து அதன் கீழ் வைத்தார். ஒன்றும் குறைக்கக் கிடைக்கவில்லை. பென்சிலைப் பைக்குள் போட்டார்.

ஒப்பமிட அவரால் முடியாது. எங்கள் ஒழுங்கு அப்படி. ஒன்றும் சொல்லாத கடிதத்தில் யாரும் ஒப்பமிடலாம். இல்லை என்று சொல்லுகிற கடிதத்துக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். கோப்பு மேலே போய்க் கீழே வர ஒரு மாதமாகும். அதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மோட்டார் சைக்கிளில் போனேன், கடிதம் இல்லாமல், ஒரு சுத்தியலோடும் கொஞ்சம் ஆணியோடும். சொல்ல வேண்டியதை அத்திவாரக் குழிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். வீடு வராது அக்கா, எனக்கு முதலே தெரியும், சொல்லாமல் விட்டேன் என்றேன். தேவி படங்குக்குள் இருந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் வசனம் இல்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை, சுத்தியலைப் பார்த்தார். "புடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அது பொய். முதல் அடியிலேயே பெருவிரலில் போட்டு நிரூபித்தேன். அதன் பிறகு தகரத்தைப் பிடிக்கிற வேலை எனக்கு, அடிக்கிற வேலை அவருக்கு. அன்றைக்கு மத்தியானத்தில் இருந்து என்னைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார். சார் என்று கூப்பிட ஒரு காரணமும் அவருக்கு மிஞ்சியிருக்கவில்லை.

மூன்று மணிபோல ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டது. நல்லையா சேர். பின்கரியலில் புதுப் படங்கு ஒரு சுருளும், ஆணித் துளைகளை அடைக்கத் தார்த்தாளும். இறங்கினார், சைக்கிளை நிறுத்தினார், என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா வாங்க சார் என்றார். சேர் தொண்டையைச் செருமினார்.

"கந்தோர் அலுவலாய் இந்தப் பக்கம் வந்தனான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில் அலுவலக வேலை. வீட்டில் கட்டுகிற சாரம் உடுத்தியிருந்தார். அவர் பேசி நான் கேட்ட ஒரே பொய் அது. ஏமாந்தவர் ஒருவருமில்லை. அக்கா சிரிக்காமல் ஏணியை அவரிடம் நீட்டினார். சேர் இருட்டுகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகரம் ஒன்று கோணலாகப் போனபோது மட்டும், அந்தப் பழக்கத்தில், "இது நேரோ?" என்று கேட்டார்.

கொட்டில் நின்றது. ஆனால் கழற்றிப் பூட்டின தகரம், பழைய துளையும் புதுத் துளையுமாக அந்த மாரி முழுவதும் ஒழுகியது. தேவியின் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி மூன்று தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மூன்றாவது தடவை பிழைக்காது என்று நினைத்தார்களாம். பிழைத்துக்கொண்டது. இதை நான் எங்கும் பதியவில்லை. பதிய ஒரு கோப்பும் இல்லை. மேலிடத்துக்குப் போன கடிதம் தையில் ஒப்பத்தோடு திரும்பி வந்தது, அதில் 'கிடைக்காது' என்பதை வெட்டி 'தற்போது சாத்தியமில்லை' என்று திருத்தியிருந்தார்கள். சேர் அதை வாசித்துவிட்டுக் கோப்பில் கோர்க்கச் சொன்னார். மறு வருடம் அவர் ஓய்வு பெற்றார். கொப்பியை நான் எரிக்கவில்லை, அப்படி ஒரு வீரக்கதை இங்கே இல்லை. யாரோ இரவல் வாங்கினவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்பதற்கு என் மதகே அத்தாட்சி.

பிள்ளைகள் கேட்டது சமாளிக்கிற வழி. என்னிடம் இருக்கிறது இவ்வளவுதான். கோப்பைக் கேட்டு வருகிறவர் பொய்யைத் தேட மாட்டார். நான் விட்டுவிட்ட தலைப்பைத் தேடுவார். அதை முதலே எழுதிவிட்டால் பன்னிரண்டரைக்குப் பசிக்காது, வேறு சேதம் இல்லை.

இந்தக் கட்டுரையைக் கொடுக்குமுன் காமாட்சி அக்காவிடம் கேட்க வேண்டுமல்லவா? போன கிழமை போனேன். இப்போது கல்வீடு. எந்தப் பட்டியலிலும் வராத வீடு. மருமகனும் தேவியும் வருடத்துக்கு நாலு கல்வரிசையாகக் கட்டி ஏற்றினது, ஒரு பக்கம் இன்னும் பூசவில்லை. கனடாக்காரர் இன்னும் வரைபடத்தில் இருக்கிறார். அக்கா முற்றத்தில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றின பகுதியை வாசித்துக் காட்டினேன். பேரை மாத்தாதீங்க, எங்கப்பா வச்ச பேரு என்றார். சரி என்றேன். எழும்பி வந்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம் விடவில்லை.

"அக்கா, ஒண்டு மட்டும். அந்தக் கடிதத்தில நான் ஒரு பொய்யும் எழுதேல்லை, தெரியும்தானே?"

அவர் நிமிரவில்லை.

"பொய்யா இருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன், தம்பி."